திடப்படுத்தல் வகுப்பு: கட்டளையை முதலில் சொல்வதா, கிருபையை முதலில் சொல்வதா?

செந்தூல்_வகுப்பு:

ஸ்தோத்திரம். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தமிழ்ச் சபையில் திடப்படுத்தல் வகுப்பு (பிள்ளைகள் திருவிருந்தில் சேருமுன் விசுவாசத்தைக் கற்கும் வகுப்பு) எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். 11 பிள்ளைகள், படிவம் 1 முதல் படிவம் 4 வரை (13 முதல் 16 வயது). ஆராதனை முடிந்ததும் 45 நிமிடம், மொத்தம் 20 ஞாயிறு. பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வேதாகமத் தமிழ் வாசிக்கத் திணறுவார்கள்.

என் சிக்கல் பாடத்தின் வரிசை. பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "பெரியவங்க பேச்சைக் கேட்கச் சொல்லிக்கொடுங்க." வாலிபர் ஐக்கியத்தில் சொல்வது வேறு: "கட்டளையை வைத்துத் தொடங்கினால் பயத்தில்தான் நிற்பார்கள், கிருபையை மட்டும் சொல்லுங்கள்." இந்த இரண்டுக்கும் நடுவில் பிள்ளை எப்படி வளரும்? எபிரெயர் 5 சொல்லும் 'பூரண வயது' வரை கொண்டுபோக 20 வாரத்தில் எதை எங்கே வைப்பது? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

மீனவன்153 (பிரிக்ஃபீல்ட்ஸ்):

சிஸ்டர், வரிசையை வேதமே கொடுத்திருக்கிறது. பத்துக் கட்டளை "வேண்டாம்" என்று தொடங்குவதில்லை. யாத்திராகமம் 20:2ஐப் பாருங்கள்: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." விடுதலை முதலில், கட்டளை பிறகு. செங்கடல் 14ஆம் அதிகாரம், சீனாய் மலை 19. கட்டளையைக் கைக்கொண்டதால் அவர்கள் எகிப்தைவிட்டு வரவில்லை. இந்த ஒரு வசனத்தை விட்டுவிட்டு மூன்றாம் வசனத்திலிருந்து மனப்பாடம் பண்ணவைப்பதுதான் ஞாயிறு பள்ளிகளில் நடக்கும் முதல் தவறு. பிள்ளையின் மனதில் கர்த்தர் ஒரு டிசிப்ளின் ஆசிரியராகப் பதிந்துவிடுகிறார்.

எபேசியர் 2லும் இதே வெட்டு தலைகீழாக நடக்கிறது. கிருபையினால் இரட்சிப்பு, கிரியைகளினால் அல்ல என்று சொல்லும் 8, 9 வசனங்களை மனப்பாடம் பண்ணவைத்து அங்கேயே நிறுத்திவிடுவார்கள். "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு" என்று 10 தொடர்கிறது. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லப் பழக்குங்கள். உங்கள் பெற்றோருக்கும் வாலிபர் ஐக்கியத்துக்கும் பதில் அந்த மூன்று வசனத்துக்குள்ளேயே இருக்கிறது.

பழைய ஞானோபதேசங்கள் (கேள்வி பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கும் நூல்கள்) இரண்டு விதமாக அடுக்கியிருக்கின்றன, இரண்டுக்கும் காரணம் உண்டு. சீர்திருத்தவாதி லுத்தர் ஜெர்மனியின் சாக்சனியில் சபைகளைச் சுற்றிப் பார்த்து, ஜனங்களுக்கு அடிப்படையே தெரியவில்லை என்று கண்டபின் 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அதில் கட்டளை முதலில், விசுவாசப் பிரமாணம் அடுத்து, கர்த்தருடைய ஜெபம் மூன்றாவது. உன் நோய் என்ன, மருந்து எது, அதை எப்படிக் கேட்பது என்ற வரிசை. 1563இல் வந்த ஹைடல்பர்க் ஞானோபதேசம் மனிதனின் துயரம், மீட்பு, நன்றி என்று மூன்று பாகமாகப் போகிறது; பத்துக் கட்டளையின் விளக்கம் மூன்றாம் பாகத்தில், நன்றியின் கீழ் வருகிறது. பயத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டாவது வரிசை பொருந்தும். "கர்த்தர் எல்லாத்தையும் மன்னிச்சிடுவார், பரவாயில்லை" என்று சுலபமாகச் சொல்லும் பிள்ளைகளுக்கு லுத்தரின் வரிசை. உங்கள் வகுப்பில் எது அதிகம் என்று நீங்கள்தான் பார்க்கவேண்டும். கலந்திருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: யாத்திராகமம் 20:2க்கும் வரி வசூலித்த சகேயுவின் கதைக்கும் சேர்த்து 3 வாரம், கட்டளைக்கு 7, விசுவாசப் பிரமாணத்துக்கு 4, கர்த்தருடைய ஜெபத்துக்கு 3, ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் 3.

சகேயுவை எதற்கு முன்னே வைக்கிறேன் என்றால், வரிசை அங்கே கண்ணுக்குத் தெரியும். லூக்கா 19:5இல் "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு முதலில் சொல்கிறார். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் (நான்கு மடங்காக) திரும்பக் கொடுப்பேன் என்று சகேயு சொல்வது 8ஆம் வசனத்தில்தான். "8ஆம் வசனம் 5க்கு முன்னால் வந்திருந்தால் கதை என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், அவர்களே சொல்வார்கள். படிவம் 5 தேர்வான எஸ்.பி.எம்மில் பைபிள் நாலெட்ஜ் எடுக்க நினைப்பவர்களுக்கு லூக்காவும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் எப்படியும் பாடம்.

கட்டளைக்கு வரும்போது லுத்தரின் ஒரு முறையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டளையின் விளக்கத்தையும் அவர் தேவனுக்குப் பயந்து அவரை நேசிக்கவேண்டும் என்பதிலிருந்து தொடங்கி, பெரும்பாலும் "செய்யாதே" என்பதோடு "இதைச் செய்" என்பதையும் சேர்க்கிறார். கொலை செய்யாதே என்றால் அயலானுக்குக் கேடு செய்யாமலிருப்பது மட்டும் அல்ல, அவனுடைய சரீரத் தேவையில் உதவுவதும்தான். நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் விலக்கு, வலப்பக்கம் செயல் என்று எழுதவையுங்கள். வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் அந்தப் பாடம் முடியவில்லை.

இன்னொரு எச்சரிக்கை. எண் குழப்பம். லுத்தரன்களும் கத்தோலிக்கரும் "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்பதை 4ஆம் கட்டளை என்பார்கள். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் பிள்ளைகளுக்கு அது 5. நம்மூரில் ஒரே குடும்பத்தில் மூன்று சபை இருக்கும். எண்ணைச் சொல்லாமல் வாசகத்தைச் சொல்லிப் பழக்கினால் சண்டை இல்லை.

---

தபீத்தாள்_பட்டர்வொர்த்:

மீனவன் அண்ணன் சொன்ன வரிசை சரி. ஆனால் வரிசையைச் சரியாக வைத்தும் பிள்ளை வளராமல் போகலாம். ஏன் என்றால் 8 வயதில் கேட்ட அதே கீழ்ப்படிதலை 16 வயதிலும் கேட்டுக்கொண்டிருப்போம். படிவம் 5 முடிந்து வேறு மாநிலத்துக்குப் படிக்கப் போனதும் சபையைவிட்டு நின்றுபோகும் பிள்ளைகளில் பலர் வீட்டில் மிக அடக்கமாக இருந்தவர்கள். கண்காணிப்புக்குக் கீழ்ப்படிந்தார்கள். கண் போனதும் அது போய்விட்டது.

கலாத்தியர் 3:24இல் நியாயப்பிரமாணம் (மோசே வழியாக வந்த கட்டளைகள்) 'உபாத்தியாய்' இருந்தது என்று நம் மொழிபெயர்ப்பில் வாசிக்கிறோம். தமிழில் அது வாத்தியார் என்று கேட்கும். கிரேக்கத்தில் உள்ள சொல் பைதகோகஸ்: பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போய், ஒழுங்காக நடக்கிறானா என்று பார்த்துக்கொண்ட வீட்டு அடிமை. பாடம் நடத்துபவர் வேறு ஆள். நம் பிள்ளைகளுக்கு ஸ்கூல் வேன் அங்கிளும் கம்போடு நிற்கும் பாட்டியும் சேர்ந்த ஓர் ஆள் என்று சொன்னால் புரியும். பிள்ளை வளர்ந்தபின் அந்த ஆளின் வேலை முடிகிறது. கலாத்தியர் 4:1-7ஐ இதோடு சேர்த்து வாசியுங்கள். சிறுபிள்ளையாயிருக்கும் காலமளவும் சுதந்தரவாளிக்கும் (வாரிசுக்கும்) அடிமைக்கும் வித்தியாசமில்லை என்று பவுல் அங்கேதான் சொல்கிறார். குறித்த காலம் வந்தபின்னும் பிள்ளையை அடிமை மாதிரியே வைத்திருந்தால் அவன் புத்திரனாக நடக்கப் பழகுவது எப்போது?

அதற்காகக் கட்டளையைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. தீத்து 2:11-12இல் தேவகிருபை நமக்குப் 'போதிக்கிறது' என்று இருக்கிறதே, அந்தக் கிரேக்க வினைச்சொல்லும் பிள்ளையைப் பயிற்றுவிப்பதற்கான சொல்தான். அவபக்தியையும் லௌகிக இச்சைகளையும் வெறுக்க அது பயிற்சி கொடுக்கிறது. கிருபை என்றால் சும்மா விட்டுவிடுவது என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு வசனம் போதும்.

நடைமுறையில், ஒரு காரியத்தை மூன்று கட்டமாகக் கைமாற்றுங்கள். உதாரணம் கைபேசி. 13 வயதில், இரவு 10 மணிக்கு ஹாலில் சார்ஜ் போடவேண்டும், காரணம் விளங்காவிட்டாலும் செய்யவேண்டும். 15இல், எத்தனை மணிக்கு வைப்பது என்பதைப் பிள்ளையே எழுதிக் காரணத்தோடு பெற்றோரிடம் கொடுக்கவேண்டும், மாதம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து பார்க்கவேண்டும். 17இல், பிள்ளையே தீர்மானித்து, சொன்னபடி நடந்ததா என்று தான் நம்பும் ஒரு பெரியவரிடம் சொல்லவேண்டும். இதில் வழக்கமாக உடைவது இரண்டாம் கட்டம். பிள்ளை ஒருதடவை தவறினதும் பெற்றோர் பதறி முதல் கட்டத்துக்கே இழுத்துவிடுவார்கள். தவறின இடத்தில் நின்று "எங்கே சறுக்கிச்சு?" என்று கேட்பதுதான் பயிற்சி. பிலிப்பியர் 2:12 சொல்லும் 'பிரயாசம்' நடக்கிற இடம் அது. 13ஆம் வசனம் இல்லாமல் 12ஐ மட்டும் சுவரில் ஒட்டாதீர்கள். விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்று அங்கே இருக்கிறது.

பெற்றோர் கூட்டம் வைத்தால் லூக்கா 2ஐ எடுங்கள். 12 வயதில் இயேசு "என் பிதாவுக்கு அடுத்தவைகளில் நான் இருக்கவேண்டியதென்று அறியீர்களா" என்று கேட்கிறார், 49ஆம் வசனம். அடுத்து 51இல் நாசரேத்துக்குத் திரும்பிப்போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். தான் யாருடைய பிள்ளை என்று தெரிந்த பிறகு வரும் கீழ்ப்படிதல் அது. உடனே 52இல் ஞானத்திலும் வளர்த்தியிலும் தேவகிருபையிலும் விருத்தியடைந்தார் என்று வருகிறது. அதோடு கொலோசெயர் 3:21ஐயும் வாசிக்கவையுங்கள், "பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி." அதை அப்பாமார் தங்கள் வாயால் வாசிக்கட்டும்.

ஒன்றைத் தயவுசெய்து விடாதீர்கள். கீழ்ப்படிதலைப் பற்றிப் பாடம் எடுத்தால் அதன் எல்லையையும் அதே நாளில் எடுக்கவேண்டும். அப்போஸ்தலர் 5:29: மனுஷரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படியவேண்டும். உறவுக்காரரோ, சபையில் உள்ளவரோ, ஆசிரியரோ, ஒரு பெரியவர் தகாத விதமாகத் தொட்டால், "யாரிடமும் சொல்லாதே" என்றால், அங்கே கீழ்ப்படியக்கூடாது, உடனே சொல்லவேண்டும். எபேசியர் 6:1இல் "கர்த்தருக்குள்" என்ற சொல் இருப்பதைக் காட்டுங்கள். யாரிடம் சொல்லலாம் என்று இரண்டு பேரின் பெயரை ஒவ்வொரு பிள்ளையும் மனதில் வைத்திருக்கவேண்டும். அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண்ணை வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள். இதைச் சொல்லாமல் "பெரியவங்க பேச்சைக் கேள்" என்று மட்டும் சொல்லி வளர்ப்பது ஆபத்து.

---

செந்தூல்_வகுப்பு:

தபீத்தாள் அக்கா, அந்தக் கடைசிப் பத்திக்கு மிகவும் நன்றி, அது என் திட்டத்திலேயே இல்லை. மீனவன் அண்ணன், நோட்டில் கோடு போடும் முறையை வருகிற ஞாயிறே தொடங்குகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. ஜெப நேரத்தில் வாரா வாரம் அதே தவறுக்கு "சாரி லார்ட்" என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடியும் அதையே செய்கிற பிள்ளைகளை எப்படி நடத்துவது? அதைச் சுட்டிக்காட்டினால் கிருபையை மறுப்பதுபோல ஆகிறது. மற்றது, பூரண வயதுள்ளவர்களுக்கு என்று எபிரெயர் 5 சொல்லும் 'பலமான ஆகாரம்' என்று படிவம் 4 பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது?

---

அத்திமரம் (பெட்டாலிங் ஜெயா):

முதல் கேள்விக்கு: அந்த "சாரி லார்ட்" ஜெபத்தில் பாவத்துக்குப் பெயர் இல்லை, ஆளும் இல்லை, அடுத்த அடியும் இல்லை. அதனால்தான் அது சுற்றிச் சுற்றி வருகிறது. 1 யோவான் 1:9இல் பாவங்களை 'அறிக்கையிட்டால்' என்று இருக்கிறது. நான்கு காரியம் சொல்லிக்கொடுங்கள். செய்ததை "ஆனா" போடாமல் ஒரே வாக்கியத்தில் சொல்வது: "தங்கச்சி காசு 10 ரிங்கிட்டை எடுத்தேன்." யாருக்கு விரோதமாகச் செய்தோமோ அவரிடமும் சொல்வது. எடுத்ததைத் திரும்பக் கொடுப்பது. கடைசியாக, எந்த நேரத்தில், எந்த இடத்தில் சறுக்கியதோ அதை மாற்றுவது. நாலாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

திரும்பக் கொடுப்பதற்குக் கணக்கே இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். லேவியராகமம் 6:5இன்படி முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டவேண்டும்: 10 ரிங்கிட் என்றால் 12. சகேயு சொன்ன நாலத்தனை என்றால் 40. கட்டாயம் 12தானே, அவன் ஏன் 40 கொடுக்க முன்வந்தான் என்று கேளுங்கள். கிருபை கணக்கைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அதே சமயம், திரும்பக் கொடுத்ததால் மன்னிப்பு கிடைத்தது என்று நினைத்துவிடாமல் 2 சாமுவேல் 12:13ஐயும் காட்டுங்கள். தாவீது அறிக்கையிட்டதும் "கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்" என்று தீர்க்கதரிசி நாத்தான் அந்த நிமிடமே சொல்கிறான். விளைவுகள் பிறகும் தொடர்ந்தன. மன்னிப்பு வேறு, விளைவு வேறு. பெற்றோரும் இதைக் குழப்புவார்கள்: மன்னித்துவிட்டேன் என்றால் தண்டனையே கூடாது என்பார்கள், அல்லது தண்டனை இருக்கும்வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். உடனே முகம் கொடுத்துப் பேசிவிட்டு, விளைவை அதன் நாள்வரை விடவேண்டும்.

வளர்ச்சியை எதை வைத்துப் பார்ப்பது? விழவில்லை என்பதை வைத்துப் பார்த்தால் மறைக்கத்தான் பழகுவார்கள். விழுந்ததற்கும் ஒளிக்காமல் சொன்னதற்கும் நடுவே எத்தனை நாள் என்று பாருங்கள். மூன்று வாரமாக இருந்தது மூன்று நாளானால் பிள்ளை வளர்கிறது. அதைப் பாராட்டுங்கள்.

ஒரு பழைய முறையும் உதவும். பிரிஸ்டலில் கூடம் கட்டிய கடனை அடைக்க 1742இல் மெதடிஸ்டுகள் 12 பேராகப் பிரிந்து, வாரம் ஒரு பென்னி சேர்க்கத் தொடங்கினார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவர்களுக்கு ஜனங்களின் உண்மையான நிலை தெரியவந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டு, கடனுக்காக வந்த ஏற்பாட்டை ஆத்தும விசாரிப்புக் கூட்டமாக்கினார். அடுத்த வருஷம் எழுதிய விதிகள் மூன்று தலைப்பில் அடங்கும்: தீமை செய்யாதே, நன்மை செய், தேவன் நியமித்த கிருபையின் சாதனங்களை (ஜெபம், வேத வாசிப்பு, திருவிருந்து போன்றவை) விடாமல் பயன்படுத்து. உங்கள் பிள்ளைகள் 11, உங்களோடு 12. 45 நிமிடத்தில் கடைசி 10ஐ இதற்கு ஒதுக்கி, அந்த மூன்றையும் கேள்வியாக்கி, இருவர் இருவராகப் பேசவிடுங்கள். மிஞ்சுகிற ஒருவர் உங்களோடு. பையன் பையனோடு, பெண் பெண்ணோடு, எல்லாரும் ஒரே அறையில், கதவு திறந்தபடி. முழு வகுப்பின் முன்னால் பாவ அறிக்கை கேட்கவே கேட்காதீர்கள். அது மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் போய்விடும், அதற்கு மேல் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று நீங்களும் முழு வாக்கு கொடுக்காதீர்கள். ஒருவருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆகவேண்டும் என்று முதல் வாரமே அறிவித்துவிடுங்கள்.

இனி பலமான ஆகாரம். அது கடினமான உபதேசம் மட்டும் என்று பலர் நினைத்து, படிவம் 4 பிள்ளைகளுக்குத் தானியேலின் மிருகங்களையும் வெளிப்படுத்தலையும் எடுத்துவிடுகிறார்கள். எபிரெயர் 5:14ஐ மெதுவாக வாசியுங்கள்: "நன்மை தீமையின்னதென்று பயிற்சியினால் பகுத்தறிய." முதிர்ச்சிக்கு அடையாளம் பகுத்தறிவு, அது வருவது பயிற்சியினால். ஆகவே ஒரே பதில் இல்லாத காரியத்தைக் கொடுத்துத் தீர்மானிக்கச் சொல்லவேண்டும்.

நம்மூரில் இதற்குத் தீபாவளியைவிட நல்ல பாடம் இல்லை. பலருக்குப் பாட்டியோ பெரியப்பாவோ இந்துவாக இருப்பார்கள். பாட்டி வீட்டுக்குப் போகலாமா, அங்கே வைக்கும் பலகாரத்தைச் சாப்பிடலாமா? 1 கொரிந்தியர் 10:25-29ஐத் திறவுங்கள். விருந்துக்கு அழைத்தால், போக மனதிருந்தால், ஒன்றையும் விசாரியாமல் முன் வைத்ததைப் புசியுங்கள். விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால், சொன்னவரினிமித்தம் புசியாதிருங்கள். இங்கே பவுல் உணவைவிட மனச்சாட்சியைத்தான் பார்க்கிறார், அதுவும் மற்றவனுடைய மனச்சாட்சியை. பிறகு ரோமர் 14. ஒரே சபையில் ஒரு குடும்பம் சாப்பிடும், இன்னொரு குடும்பம் சாப்பிடாது. இரண்டுபேரும் கர்த்தருக்கென்று செய்தால் ஒருவரையொருவர் நியாயந்தீர்க்கக்கூடாது. பிள்ளைகள் எழுதவேண்டியது மூன்று: நான் என்ன செய்வேன், எந்த வசனத்தால், பாட்டி மனம் நோகாமல் அதை என்ன வார்த்தையில் சொல்வேன். மூன்றாவதை எழுதும்போது பேனா நிற்கும். அங்கேதான் நேரம் கொடுக்கவேண்டும். "வேணாம் பாட்டி, இது பாவம்" என்று எழுதும் பிள்ளைக்கு அறிவு வந்திருக்கிறது, அன்பு இன்னும் வரவில்லை; 1 கொரிந்தியர் 8:1ஐக் காட்டுங்கள்.

---

மீனவன்153 (பிரிக்ஃபீல்ட்ஸ்):

அத்திமரம் ஐயா சொன்ன தீபாவளிப் பாடத்தை 10ஆம் வாரத்துக்குள் எடுத்துவிடாதீர்கள், கட்டளை முடிந்தபிறகு வையுங்கள். முதல் கட்டளை உறுதியாகாமல் மனச்சாட்சியைப் பேசினால் "எல்லாம் அவரவர் இஷ்டம்" என்று எடுத்துக்கொள்வார்கள்.

தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னீர்களே. வசனத்தை நீங்கள் தமிழில் இருமுறை வாசியுங்கள், ஒரு பிள்ளை மலாய் வேதாகமமான அல்கித்தாபிலோ ஆங்கிலத்திலோ வாசிக்கட்டும், பிறகு எல்லாரும் தமிழில் கேட்டுச் சொல்லட்டும். பேசும் தமிழிலேயே ஒரு சொல் உங்களுக்குப் பாதி வேலையைச் செய்துவிடும். "அம்மா பேச்சைக் கேள்" என்றால் காதால் கேள் என்பதல்ல, கீழ்ப்படி. உபாகமம் 6:4இன் "இஸ்ரவேலே, கேள்" என்பதும் அப்படித்தான். எபிரெய மொழியிலும் கேட்பதும் கீழ்ப்படிவதும் ஒரே வினைச்சொல். நம் தமிழில் அதே சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் கூட இருக்கிறது. மத்தேயு 7:7, "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்." ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது நோட்டின் அடியில் இரண்டு வரி எழுதவையுங்கள்: கர்த்தர் என்ன சொல்வதை நான் கேட்கவேண்டும், அதைச் செய்ய நான் அவரிடம் என்ன கேட்கவேண்டும். இரண்டாம் வரியையே அன்றைய முடிவு ஜெபமாக வாசிக்கலாம். அதற்குத் தமிழ் எழுத்து வராத பிள்ளை எந்த மொழியில் எழுதினாலும் பரவாயில்லை, ஜெபிக்கும்போது தமிழில் சொல்ல முயலட்டும்.